பெட்டித்தோணிக்கு இழுவை இல்லை

சுனாமிக்கு அடுத்த வருசம் எங்கள் கடற்கரைக்கு வந்த வெளிநாட்டு உதவிக்காரர்கள், மீன்பிடி போட்டுகளைக் கொடுத்த கையோடு ஒரு இழுவைப் போட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரட்டை எஞ்சின் பூட்டிய செம்மஞ்சள் நிறப் போட். அதற்கு மீன் பிடிக்கிற வேலை இல்லை. கடலில் யாருக்காவது எஞ்சின் நின்றுபோனால் ஓடிப்போய்க் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவர வேண்டும். போட் சொந்தக்காரர் சங்கத்தில் பதிந்து இழுவை அட்டை எடுத்தவர்கள் ஒரு இலக்கத்துக்குக் கூப்பிட்டால் போதும்.

அந்தத் தொலைபேசி என் மேசையில் இருந்தது.

நான் கெட்டிக்காரி என்பதால் அந்த வேலை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று உதவிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் கல்முனைக்குடியில் தேடியபோது, உயர்தரம் படித்த, வீட்டில் உழைக்க ஆண் இல்லாத பெண் என்று நான் அகப்பட்டேன். வாப்பா சுனாமியில் மௌத்தாகியிருந்தார். உம்மாவும் நானும் மாமி வீட்டுப் பின்னறையில் இருந்தோம். தலைவர் வந்து, கதவுக்கு வெளியே நின்று உம்மாவோடு கதைத்தார். என்னைத் தன் மகள் மாதிரிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். நான் அங்கே இருந்த காலம் முழுக்க ஒருவரும் என்னோடு தப்பாக ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கடல் வந்த நாளில் இருந்து மூன்று நாள் கண்மூடாமல் இடிபாடுகளுக்குள் இருந்து மையத்துகளை எடுத்து அடக்கிய மனிதர் அவர். என் வாப்பாவைக் கண்டெடுத்ததும் அவர்தான். இதையெல்லாம் மறக்காமல்தான் மிச்சத்தைச் சொல்கிறேன்.

பெட்டித்தோணிக் காக்காவை ஊரில் எல்லாரும் அந்தப் பட்டத்தால்தான் அழைத்தார்கள்; காக்கா என்றால் எங்களில் அண்ணன். அவருடைய போட் கடற்கரையில் கிடப்பதில்லை. கடலில் இருந்து இரண்டு கட்டைத் தூரம் தள்ளி, வயல் பக்கத்து வீட்டுத்திட்டத்தில் அவருக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். போட்டும் அந்த வளவில்தான் நின்றது. வரிப்பத்தான்சேனையில் நெல் ஏற்றி ஓய்ந்துபோன உழவு மெசின் பெட்டி ஒன்றை வாங்கி, நீளத்தைக் கூட்டி ஒட்டுவித்து, அதற்குள் போட்டை ஏற்றி வைத்திருந்தார். சுபஹு தொழுதுவிட்டு லேண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசினில் பெட்டியைக் கொழுவி, பிரதான வீதியால் இழுத்துக்கொண்டு வருவார். பின்னால் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தபடி வருவார்கள். மணலில் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டை இறக்குவார். தொழில் முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு கிழமை எங்கள் கரை, ஒரு கிழமை மருதமுனைப் பக்கம். தெற்கே மீன் பட்டால் தம்பிலுவில் வரைக்கும் போவார். அங்கே ஒரு தமிழ் ஆள் அவருக்குக் கூட்டாளி. தம்பிலுவிலில் தொழில் என்றால் போட் கூட்டாளியின் வளவில் நிற்கும். எங்கள் கரையில் தொழில் என்றால் கூட்டாளி முதல் பஸ்ஸில் வந்து சேருவார்.

அவருக்கும் தலைவருக்கும் பகை வந்தது ஒரு கூட்டத்தில். போட் பங்கிட்டது பற்றிப் பள்ளிவாசல் முன்றலில் எல்லாரும் கூடியிருந்தபோது, கடலைக் காலால்கூட மிதிக்காத ஆட்களுக்கும் போட் கிடைத்திருக்கிறது என்று காக்கா எழும்பிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. தலைவரின் மருமகன் துணிக்கடை வைத்திருப்பவர் என்பதும், அவர் பெயரில் ஒரு போட் நிற்கிறது என்பதும் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த விசயத்துக்குப் போகச் சொன்னார்.

அடுத்த மாதம் இழுவை அட்டைக்கான விதிகளை எழுதினோம். தலைவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் கரையில் தரிக்கும் போட்டுகளுக்கு மட்டும் என்று ஒரு விதி வந்தது. தலைவர் கொஞ்சம் யோசித்தார். அன்றைக்கு இங்கே வந்து இறக்குகிறவனும் தரிக்கிறேன் என்று சொல்லலாமே, அதுக்கு ஒரு சொல் இல்லையா புள்ள என்று கேட்டார். அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தமிழைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. நிரந்தரமாக என்று போடலாம் என்றேன். அவர் சந்தோசப்பட்டார்.

காக்கா மூன்று தரம் அட்டை எடுக்க வந்தார். முதல் தரம் விதியைக் காட்டி அனுப்பினேன். இரண்டாம் தரம் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த, மாநிறமான ஆள் அந்தக் கூட்டாளி. கதிரையைக் காட்டியும் உட்காராமல் வாசலடியிலேயே நின்றார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அன்றைக்குத்தான் காக்கா எனக்கு விசயத்தைச் சொன்னார். சுனாமிக்கு முந்தி அவருடைய தோணி வீட்டுக்கு நேரே கரையில் கிடந்தது. கடல் வந்தபோது முதலில் தண்ணீர் மட்டும்தான் வளவுக்குள் வந்ததாம். பிள்ளைகள் இரண்டு பேரையும் மனைவி உள்ளே தூக்கிக் கட்டிலில் நிறுத்தியிருக்கிறா. இரண்டாம் அலையில் வந்தது தோணி. அவருடைய தோணியேதான் அவருடைய வீட்டுச் சுவரை இடித்தது. மனைவி மிஞ்சினா. பிள்ளைகள் சுவருக்குக் கீழே.

"இனி என்ர ஒரு சாமானையும் கடலுக்குப் பக்கத்தில விட்டுப்போட்டுப் படுக்கமாட்டன், தங்கச்சி," என்றார். "இதையும் அந்த விதியில எழுதலாமா எண்டு தலைவரிட்டக் கேளுங்க."

நான் கேட்டேன். எல்லாருக்கும்தான் பிள்ளைகள் போனது என்று தலைவர் சொன்னார். அதுவும் உண்மைதான். அவருடைய ஒரு பேத்தியும் போயிருந்தாள். மூன்றாம் தரம் காக்கா வந்தபோது தலைவர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். நான் இல்லை என்றேன். காக்கா வாசலில் கழற்றிக் கிடந்த தலைவரின் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

வடக்கில் யுத்தம் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்திருந்தாலும் கடலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னம் எல்லாப் போட்டும் கரைக்கு வந்துவிட வேண்டும். கச்சான் காற்றுக் காலம். எங்கள் பக்கத்தில் கச்சான் தரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கும். காலையில் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கும். பகல் திரும்பக் காற்று எழும்பினால், எஞ்சின் இல்லாத போட்டை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். இது கடலுக்குப் போகாத எனக்கே தெரிந்த விசயம். நாற்பது வருசம் கடலில் கிடந்த தலைவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் காலை பத்தரை மணி போல தொலைபேசி அடித்தது. காக்காதான். எஞ்சின் நின்றுவிட்டது, கழற்றிப் பார்த்தும் சரிவரவில்லை, பள்ளிவாசல் மினாராவும் தண்ணித் தாங்கியும் இன்னும் தெரிகிறது, போட்டை அனுப்பச் சொல்லுங்கள் என்றார். குரலில் பதற்றம் இல்லை. தலைவர் எனக்கு முன்னால்தான் இருந்தார். நிர்வாக சபை ஆட்கள் நான்கு பேரும் இருந்தார்கள். இழுவைப் போட் எண்ணெய் நிரப்பிக் கரையில் நின்றது. ஓட்டுகிறவர் அதன் நிழலில் படுத்திருந்தார்.

நான் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலைவரிடம் சொன்னேன். பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அவருக்கும் தெரியும்.

"அப்ப அதச் சொல்லுங்க," என்றார்.

நான் சொன்னேன். அதற்கு அவர், நான் பெயர் எழுத வந்த ஆள்தானே தங்கச்சி, மூன்று தரம் வந்தேனே என்றார். நான் ஓம் என்றேன். தொடர்பு அறுந்தது.

அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார். இந்த முறை தலைவர் என் மேசைக்கு எழும்பி வந்து, சத்தம் வெளியே கேட்கிற பொத்தானை அமுக்கினார். காக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பக்கத்தில் கூட்டாளி தகரத்தால் தண்ணீர் இறைக்கிற சத்தமும் கேட்டது. தலைவர் அமைதியாகத்தான் கதைத்தார். அன்றைக்குக் கூட்டத்தில் நீங்கள் சொன்னது உண்மையா பொய்யா என்று கேட்டார். காக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தக் கூட்டம் என்று கேட்டார். தலைவர் விளக்கமாகச் சொன்னார், என்றைக்கு, எங்கே, யார் யார் இருந்தார்கள் என்று.

"பொய்," என்றார் காக்கா.

"கேக்கல்ல. இங்க ஆக்கள் இருக்காங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

"நான் சொன்னது பொய். என்ன மாப்புச் செய்யுங்க."

இரண்டு தரம் சொல்லவைத்தார். இரண்டாம் தரம் சொல்லும்போது காக்காவின் குரல் உடைந்தது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தச் சங்கடத்தைக் கலைக்கத்தான் என்று நினைக்கிறேன், சபை ஆள் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அவருக்கு என்னத்துக்கு இழுவை. பெட்டி இருக்குதானே, பெட்டிய வரச்சொல்லிக் கூப்பிடட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவில்லை, நன்றாகச் சத்தமாகச் சிரித்தேன். அந்த அறையில் ஒரே ஒரு பெண் குரல் என்னுடையது. தொலைபேசி திறந்தே கிடந்தது.

பகல் லுஹர் தொழுதுவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லித் தலைவர் தொலைபேசியை வைத்தார். எல்லாரும் பள்ளிக்குப் போனார்கள். நான் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்தேன். வெளியே தென்னோலைகள் கடல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

மூன்றாம் தரம் எடுத்தது காக்கா இல்லை, கூட்டாளி. தன் பெயரைச் சொல்லி, தம்பிலுவில் ஆள் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார், எனக்குத் தெரியாத மாதிரி. காக்கா இனிக் கதைக்க மாட்டேன் என்கிறார் என்றார். காற்று எழும்பிவிட்டது, மினாரா தெரியவில்லை, நங்கூரக் கயிறு எட்டவில்லை, குடிக்க ஒரு போத்தல் தண்ணிதான் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு சொன்னார்:

"அவர் மன்னிப்புக் கேட்டது போதாட்டி நானும் கேக்கிறன், தங்கச்சி. நான் என்ன சொல்லவேணும் எண்டு சொல்லித்தாங்க."

போட் இப்போது வரும் என்றேன். நன்றி சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு அந்த இலக்கத்தில் இருந்து அழைப்பு வரவில்லை.

அலுவலகத்தில் இருந்து கடற்கரைக்கு இருநூறு அடிகூட இல்லை. ஓட்டுகிறவர் அங்கேதான் கிடந்தார். நான் போய், தலைவர் போகச் சொன்னார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பார். ஒரு பெண் தனியாகக் கடற்கரைக்கு இறங்குவதா என்று யோசித்ததாகப் பல வருசம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதுவல்ல. தலைவர் திரும்பி வந்து, யார் உன்னிடம் சொன்னது என்று கேட்பார் என்று பயந்தேன். பார்சலில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

தலைவர் தொழுதுவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார். இழுவைப் போட் வெளிக்கிட்டபோது இரண்டரை மணி. ஐந்துக்கு முன்னம் திரும்பிவிட வேண்டியிருந்ததால் அவர்களால் அதிக தூரம் போக முடியவில்லை. காற்றுக்கு எதிரே நனைந்து விறைத்து, வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த நாள் விடிய, அனுமதி எடுத்துக்கொண்டு ஆறு போட்டுகள் தேடப் போயின. தலைவரும் போனார். மூன்று நாளும் போனார். வெயிலில் முகம் கருகி, உதடு வெடித்து வந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து, ஈரச் சாரத்தோடு கதிரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு மணித்தியாலம் வெயிலில கிடந்தாப் புத்தி வரும் எண்டுதான் நினைச்சன், புள்ள."

ஒன்பதாம் நாள் தெற்கே ஒரு துறைமுகத்தில் இருந்து தகவல் வந்தது. ஆழ்கடலுக்குப் போன சிங்களவர்களின் போட் ஒன்று ஆறாம் நாள் கண்டெடுத்த ஒருவரை ஏற்றி வந்திருக்கிறது. ஒருவரை மட்டும். காக்காவின் போட்டை இழுத்துவர அவர்களிடம் வசதி இல்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம்.

கூட்டாளி நான்காம் நாள் இறந்திருக்கிறார். காக்கா ஒரு பகலும் ஒரு இரவும் உடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பிறகு தாங்க முடியாமல் கடலில் விட்டிருக்கிறார். கடற்றொழில் கந்தோரில் இருந்து விசாரணைக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எப்படி விட்டீர்கள் என்று கேட்டார்கள். "அவங்கட முறை எனக்குத் தெரியா," என்றார் காக்கா. "எனக்குத் தெரிஞ்சத ஓதித்தான் விட்டன்."

சங்கத்தின் சார்பில் அறிக்கை எழுதியதும் நான்தான். குறிப்பிட்ட படகு எமது உறுப்பினருடையது அல்லாதபோதிலும், மனிதாபிமான அடிப்படையில் தாமதமின்றி இழுவைப் படகு அனுப்பப்பட்டது என்று எழுதினேன். தலைவர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். காக்காவிடம் இதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பயந்துவிட்டார் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன்.

ஒரு மாதம் கழிந்து கூட்டாளியின் மனைவி அலுவலகத்துக்கு வந்தா. கூடத் தங்கை வந்திருந்தா. தலைவர் பக்கத்து மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா அழவில்லை. உரத்துக் கதைக்கவும் இல்லை. அவர்கள் கூப்பிட்ட தொலைபேசி இதுதானா என்று கேட்டா. ஓம் என்றேன். அதன் மேல் கையை வைத்தா. சூடு பார்க்கிற மாதிரி வைத்தா.

"அவர் உங்களோட கதைச்சவரா, தங்கச்சி?"

பக்கத்து மேசையில் பேப்பர் அசையவில்லை.

"இல்ல அக்கா," என்றேன். "காக்காதான் கதைச்சவர்."

அந்த அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு சரி என்று சொல்லிவிட்டுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா.

யுத்தம் முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். சில மாதங்களில் கடல் கட்டுப்பாடுகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நேரக் கட்டுப்பாடு போய்விட்டது. வயல் பக்கத்து வீட்டுத்திட்டங்களில் இருந்து இன்னும் பலர் பெட்டியில் போட் இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். கரையில் கிடக்கிற போட்டுகளைவிடப் பெட்டியில் வருகிற போட்டுகள் கூடிவிட, சங்கம் விதியை மாற்றியது. எங்கள் கரையில் இறக்கினால், பிறகு எங்கே கொண்டுபோய் வைத்தாலும், அட்டை எடுத்தவருக்கு இழுவை உண்டு. மாற்றிய விதியையும் நானே எழுதினேன். ஒரு சொல்லை வெட்டினால் போதுமாக இருந்தது.

முதல் அட்டையைத் தலைவர் தானே கொண்டுபோனார். பத்திரம் நிரப்ப என்னையும் கூட்டிப்போனார். காக்காவின் வளவில் பெட்டி நின்றது. அதற்குள் வேறொரு பழைய போட், பாதி பூசியபடி. காக்காவின் மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தரவில்லை. தலைவர் உட்காராமல் நின்றார். அட்டையைப் போட்டின் விளிம்பில் வைத்தார்.

காக்கா விதிகளை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். கடைசிவரை கேட்டார்.

"கூப்பிட்டா வருவீங்களா?"

"வருவம்," என்றார் தலைவர்.

"எத்தின தரம் கூப்பிட்டாலும்?"

"எத்தின தரம் எண்டாலும்."

காக்கா சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு கிழமையில் முதல் அழைப்பு வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது என்றார். போட் போனது. தலைவர் ஓட்டுகிறவரோடு தானும் ஏறிப்போனார். இழுத்து வந்தார்கள். காக்கா போட்டைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த கிழமை திரும்பக் கூப்பிட்டார். அதற்கடுத்த கிழமையும். நான்காம் தரம் ஓட்டுகிறவர் வந்து என்னிடம் சொன்னார், அந்த எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை, கயிறு கட்டும்போது தான் தொட்டுப் பார்த்ததாக, அப்போதுதான் நிறுத்திய சூடு இருந்ததாக. தலைவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தரமும் போனார். அறுபது கடந்த மனிதர், கச்சானில் நனைந்து, தானே கயிறு போட்டு, தானே முடிச்சிட்டார். காக்கா போட்டின் பின்பக்கத்தில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஒரு வார்த்தை கதைக்க மாட்டாராம். கரையில் ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். தலைவரின் மகன்மார் போகவேண்டாம் என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. ஒரு தரம் போட்டில் இருந்து இறங்கும்போது மணலில் முழங்கால் மடிந்து விழுந்தார். காக்கா அவரைக் கடந்து பெட்டியைக் கொழுவப் போனார்.

அன்றைக்கு நான் அலுவலகத்தில் இருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனேன். அந்த வேலைக்கு வந்த பிறகு தனியாக அங்கே போனது அதுதான் முதல் தரம். போதும் காக்கா என்றேன். அவருக்கு வயசாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்றேன். நான் கேட்டது தலைவருக்காக மட்டுமல்ல. ஒவ்வொரு கிழமையும் அந்தக் குரலைக் கேட்டு, போட் வரும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. கொழுவியை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"நான் அவரப் பழிவாங்கிற எண்டுதானே எல்லாரும் நினைக்கிற. கொஞ்சம் அதுவும் இருக்கு. ஆனா தங்கச்சி, ஒவ்வொரு தரமும் எஞ்சின நிப்பாட்டிப்போட்டு ஒங்களுக்குக் கூப்பிடக்குள்ள, நீங்க வருவீங்க எண்டு எனக்கு இன்னும் நம்பிக்கை வரல்ல. அது வந்தா விட்டுருவன்."

அது அவருக்கு வந்ததா என்று தெரியாது. அந்த வருசக் கடைசியில் தலைவர் பதவியை விட்டார். புதிய நிர்வாகத்தில் இளம் ஆட்கள். பொய் அழைப்பு விடுக்கும் உறுப்பினரின் அட்டை நீக்கப்படும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டார்கள். அப்படி ஒரே ஒரு உறுப்பினர்தான் இருந்தார். அந்தக் கடிதத்தையும் எழுதச் சொன்னார்கள், நான் எழுதினேன். காக்கா அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எங்கேயோ பழைய எஞ்சின் ஒன்று தேடி வாங்கி, முதல் எஞ்சினுக்குப் பக்கத்தில் அதையும் பூட்டிக்கொண்டார். இரண்டு எஞ்சினோடு இன்றைக்கும் கடலுக்குப் போகிறார் என்று கேள்வி. பெட்டியும் அதே பெட்டிதானாம்.

நான் அந்த மாதமே வேலையை விட்டேன். கலியாணம் பேசியிருந்தார்கள், அதைக் காரணமாகச் சொன்னேன். கலியாணத்துக்கு முன்னம் ஒரு வேலை பாக்கி இருந்தது. உம்மாவிடம் அக்கரைப்பற்றுக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லி, பஸ் ஏறித் தம்பிலுவிலுக்குப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வளவில் போட் நின்ற இடத்தில் இப்போது மரவள்ளி நட்டிருந்தது. அந்த அக்கா முற்றத்தில் குந்தியிருந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. எழும்பவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், அவர் என்னோடு கதைத்தார், காற்று எழும்பிவிட்டது என்றார், தண்ணி குறைவு என்றார், தானும் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது பாடமாக்கி வைத்திருந்தேன்.

அவவின் கை நிற்கவில்லை. பெரியதை ஒரு பக்கம், சின்னதை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே கேட்டா. நான் முடித்த பிறகு சொன்னா:

"ஓம். எனக்குத் தெரியும். காக்கா ஆசுபத்திரியால வந்த அண்டைக்கே இங்க வந்து எல்லாம் சொன்னவர். ஒரு பிள்ளை சிரிச்சதையும் சொன்னவர்."

அப்படியென்றால் ஏன் அலுவலகத்துக்கு வந்து கேட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்களா எண்டு பாக்கத்தான் வந்த நான். நீங்க சொல்லியிருந்தா நானும் காக்காவும் திரும்ப விசாரணைக்குப் போறதா இருந்தம். நாங்க ரெண்டு பேரும் மட்டும் சொன்னா ஆர் நம்புவாங்க. அங்க இருந்த ஒரு ஆளாவது சொல்ல வேணுமெல்லோ."

அதனால்தான் காக்கா அன்றைக்கு விசாரணையில் ஞாபகம் இல்லை என்றிருக்கிறார். நான் வாய் திறப்பேனா என்று இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறார்கள். இப்போதும் எழுதித் தரலாம் என்றேன். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். அவ தலையை ஆட்டினா. இப்ப என்னத்துக்கு என்றா. தகப்பன் போன பிறகு மூத்தவள் படிப்பை விட்டு வெளிநாடு போய்விட்டாளாம். விசாரணைக்காரரும் மாறிப் போய்விட்டார்களாம்.

நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். என்ன எதிர்பார்த்து நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வசைச் சொல்லாவது வரும் என்று நின்றேன். அவ கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தா. நான் வாறன் அக்கா என்றேன். வேலிப் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்து நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் இருந்து கூப்பிட்டா.

"தங்கச்சி."

நான் ஓடாத குறையாகத் திரும்பி வந்தேன்.

"படலையச் சாத்திட்டுப் போங்க. ஆடு வரும்."

சாத்திக் கொழுக்கியைப் போட்டுவிட்டு, பஸ் நிற்கிற சந்திக்கு நடந்தேன்.